நாலு பேருக்கு நாலு கியர்

செம்மலை அடிவாரத்தில் புங்கம்பட்டி என்று ஓர் ஊர். அங்கே நாலு பேர் சேர்ந்து ஒரு டீசல் லாரி வைத்திருந்தார்கள். வழியில் நின்றுபோன வண்டிகளைக் கட்டி இழுத்துவருவதுதான் தொழில். அந்த வட்டாரத்தில் அதிகத் தடவை வழியில் நின்றுபோன வண்டி அதுதான் என்பது வேறு விஷயம். 'வண்டி நின்றால் அழைக்கவும்' என்று கதவில் பெரிதாக எழுதி, கீழே அவர்களில் ஒருவனான செங்கோடனின் செல்போன் நம்பரைப் போட்டிருந்தார்கள்.

நாலு பேருக்கும் எதிலும் சரிபங்கு. டீக்கடையில் ஏழு வடை வாங்கினால் ஆளுக்கு ஒன்று தின்றுவிட்டு, மீதி மூன்றையும் காக்காய்க்குப் போட்டுவிடுவார்கள். ஸ்டீயரிங் வட்டமாகப் போய்விட்டதால் அதை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஆளுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டார்கள்.

அந்த லாரியால்தான் செங்கோடனின் குடும்பத்தில் சிக்கல் வந்தது. மலைமேல் பனிக்காட்டில் அவன் மச்சினன் வீரமலையின் மகளுக்குக் காதுகுத்து. சீர்த்தட்டுகளோடு மனைவி பாவாயியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். மொத்தம் பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் கியர் பெட்டி உடைந்தது. மீதி ஐந்து வளைவையும் பாவாயி சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே ஏறினாள். போய்ச்சேர்ந்தபோது குழந்தைக்குக் காது குத்தி முடித்து, மருந்தும் வைத்திருந்தார்கள்.

அங்கேயே அம்மா வீட்டில் தங்கிவிட்டாள். கூப்பிடப் போனவனிடம் ஒரே பேச்சுதான்.

"தம்பியோட பால் வேன் எஞ்சின் போயி ஒரு மாசமா அடிவாரத்துல கெடக்குது. அதக் கட்டி இழுத்துக்கிட்டு, வழியில எங்கியும் நிக்காம, எங்கம்மா வூட்டு வாசல்ல வந்து நில்லுங்க. அப்பறம் நான் ஏறி வர்றேன். ஒரு எடத்துல நின்னாலும் வரமாட்டேன், சொல்லிப்போட்டேன்."

செங்கோடன் தலையாட்டிவிட்டு நடந்தே இறங்கினான். காலையில் பழக்கதோஷத்தில் ரெண்டு டம்ளரில் டீ ஊற்றுவான். ஒன்றைக் குடிப்பான். இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பான். இப்படியே நாற்பது நாள் போயிற்று.

நாற்பத்தொன்றாம் நாள், உருட்டியே அடிவாரத்துக்கு இறக்கிவைத்திருந்த லாரிக்கு வேறு கியர் பெட்டி வாங்க, நாலு பேரும் ஜமால் பாய் கடைக்குப் போனார்கள். பாய் பழைய லாரிகளைப் பிரித்து விற்கிறவர். முப்பது வருஷமாக அந்தத் தொழிலில் இருக்கிறார், எதைக் கண்டும் அசரமாட்டார் என்று பெயர்.

"மலை ஏறோணும், இன்னொரு வண்டிய இழுத்துக்கிட்டு ஏறோணும். அப்படித்தானுங்களே?" என்றார் பாய். "ஆறு கியர் பெட்டி ஒண்ணு இருக்குது. கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

நாச்சிமுத்து மட்டும் கண்ணை மூடவில்லை. அந்த நாலு பேரில் யோசிக்கிற பொறுப்பு அவனுடையது.

"பாய், நாங்க நாலு பேரு. ஆறு கியர் வாங்கினா, மீதி ரெண்டு கியர் யாரோடதுங்க?"

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யாரோடதுன்னா?"

"ஆளுக்கு ஒரு கியர் போவ, ரெண்டு மிஞ்சுதே."

"அஞ்சு கியர் பெட்டியும் இருக்குது."

"அப்பவும் ஒண்ணு மிஞ்சும்" என்றான் அத்தப்பன். நாலு பேரில் நன்றாகக் கணக்குப் போடுகிறவன் அவன். "வடையா இருந்தா காக்காய்க்குப் போடலாம். கியர எந்தக் காக்கா திங்கும்?"

"லாரிக்குத்தானே வாங்கறீங்க?" என்று பாய் ஒருதரம் உறுதிப்படுத்திக்கொண்டார்.

கடைக் கோடியில், தாத்தா காலத்து லாரியிலிருந்து கழற்றிப்போட்ட நாலு கியர் பெட்டி ஒன்று துரு ஏறிக் கிடந்தது. நாலு பேரும் ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அங்கேயே சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். முதல் கியர் செங்கோடனுக்கு, ரெண்டாவது நாச்சிமுத்துவுக்கு, மூன்றாவது அத்தப்பனுக்கு. நாலாவதான டாப் கியர் குப்பண்ணனுக்கு விழுந்தது. குப்பண்ணன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை.

"ரிவர்ஸ்?" என்று கேட்டார் பாய்.

"பின்னாடி போறதுக்கு எவன் பங்கு கேப்பான்? அது புறம்போக்காக் கெடக்கட்டும்" என்றான் நாச்சிமுத்து.

அடுத்தவர் கியரை ஒருவர் தொடக் கூடாது, அவரவர் கியரை அவரவர் கையால்தான் போட வேண்டும் என்று சத்தியம் செய்துகொண்டார்கள்.

பிறகு பாய் அவர்களைப் பின் ஆக்சில் பக்கம் கூட்டிப்போனார். ரெண்டு பின்சக்கரத்தையும் சேர்க்கிற அந்தத் தண்டின் நடுவே குண்டாக வயிறுபோல் இருக்குமே, அதற்குள் ரெண்டு பல்சக்கரம். சின்னது பினியன், பெரியது கிரவுன்.

"இதுதான் முக்கியம். இந்த செட்டுல பினியன் ஏழு சுத்து சுத்தினா, டயரு ஒரு சுத்து சுத்தும். மெதுவாப் போகும், ஆனா மலையவே இழுக்கும். அந்த செட்டுல அஞ்சு சுத்துக்கே ஒரு சுத்து. இழுவை கம்மி, ஆனா பறக்கும். ஏத்தம்னா ஏழு, ஓட்டம்னா அஞ்சு. உங்களுக்கு எது?"

நாலு பேரும் மண்ணில் குந்தி ஆலோசித்தார்கள்.

"நம்ம வண்டி மலை ஏறுதா?" என்றான் நாச்சிமுத்து.

"ஏறுது."

"ஏறின வண்டி இறங்குதா?"

"இறங்கித்தானே ஆகோணும்."

"ஏத்தம் எத்தன வளைவு?"

"பதினாலு."

"இறக்கம்?"

அத்தப்பன் விரல் விட்டு எண்ணினான். விரல் போதாமல் செங்கோடனின் விரல்களையும் வாங்கி எண்ணினான். "அதுவும் பதினாலுதான் பங்காளி! ஒண்ணுகூட கொறையல."

"அப்பறம் ஏத்தத்துக்கு மட்டும் வாங்கினா இறக்கத்துக்குத் துரோகம் பண்றமாதிரி ஆகாதா?"

"நடுவுல ஆறு போட்டுக்கங்களேன்" என்றார் பாய், களைத்துப்போய்.

"அதெப்படிங்க? ஏறவும் ஆகாம, இறங்கவும் ஆகாம, வண்டி ஏழாவது வளைவுலயே நின்னுக்கும்" என்றான் நாச்சிமுத்து. செங்கோடன் துள்ளி எழுந்தான். எங்கும் நிற்கக் கூடாது என்றல்லவா பாவாயி சொல்லியிருக்கிறாள்!

ஆகவே ரெண்டு செட்டையும் வாங்கினார்கள். ஏறும்போது ஏழு மாட்டிக்கொள்வது, அஞ்சை லாரியின் பின்தட்டில் ஏற்றிக்கொண்டு போவது, மலை உச்சியில் ஏழைக் கழற்றி அஞ்சை மாட்டிக்கொண்டு இறங்குவது என்று முடிவாயிற்று. கழற்றி மாட்டுவதை பாய் ஒரே நாளில் கற்றுக்கொடுத்தார். ஸ்பானர் பிடிக்கிற வேலையில் நாலு பேரும் கெட்டிக்காரர்கள்தான். ஸ்பானரைக் கீழே வைத்த பிறகுதான் கஷ்டம்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வீரமலை இறங்கிவந்து தன் பால் வேனில் உட்கார்ந்தான். லாரியின் பின்கொக்கியில் இரும்புக் கம்பி போட்டு வேனைக் கட்டினார்கள். அந்த வாரம் ஸ்டீயரிங் அத்தப்பனுடையது. மற்ற மூவரும் கியர்க்கோலைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

செங்கோடன் தன் கியரைப் போட்டான். வண்டி கும்மென்று ஏறியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் வளைவு வந்தது. "கையெடு பங்காளி. வளைவுக்கு ஒரு கியர், அதுதான் நியாயம்" என்று நாச்சிமுத்து ரெண்டாவதைப் போட்டான். வண்டி இருமிக்கொண்டே போனது. ரெண்டாவது வளைவில் அத்தப்பன் மூன்றாவதைப் போட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்து, வந்த வழியே மெல்ல உருள ஆரம்பித்தது. வேனுக்குள் வீரமலை ரெண்டு கையையும் ஆட்டி என்னவோ கத்தினான்.

"மாப்ள நம்மள உற்சாகப்படுத்தறாரு" என்றான் செங்கோடன்.

அடிவாரத்தில் புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்ததும் அவன் முகம் கறுத்துப்போயிற்று. "பங்காளி, வண்டி நின்னுபோச்சா? பாவாயிகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"எங்க நின்னுச்சு?" என்றான் நாச்சிமுத்து. "முன்னால போச்சு. அப்பறம் பின்னால வந்துது. ரெண்டுக்கும் நடுவுல நின்னதை யாராச்சும் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை.

"கெளம்பின எடத்துக்கே வந்துட்டோம். அப்ப நாம இன்னும் கெளம்பவே இல்ல."

செங்கோடனுக்கு உயிர் வந்தது. ஆனால் குப்பண்ணன் முறைத்துக்கொண்டிருந்தான். "என் கியர் வர்றதுக்குள்ள உருட்டிக்கிட்டு வந்துட்டீங்க. இந்தத் தடவ நாந்தான் மொதல்ல."

நியாயம்தானே. குப்பண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டாப் கியரைப் போட்டான். அத்தப்பன் கிளட்சை விட்டான். லாரி தவளைபோல் ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி, மறுபடி என்று ஒன்பது தடவை குதித்தது. வண்டி ஓர் அடிகூட நகரவில்லை. பின்தட்டில் இருந்த அஞ்சு செட் மட்டும் ரெண்டடி நகர்ந்திருந்தது.

"கெளம்பாத வண்டி நின்னதா ஆகுமா?" என்று செங்கோடன் கவலையோடு கேட்டான்.

"ஆகாது. அது குதிச்சுதான் இருக்குது" என்றான் நாச்சிமுத்து.

இதற்குள் செய்தி எட்டி, ஜமால் பாய் மொபெட்டில் வந்து இறங்கினார். வீரமலை அவரிடம் ஓடிப்போய், "பாய், நீங்களாச்சும் கேளுங்க பாய்" என்று கும்பிட்டான்.

"தம்பிகளா, மலையில கியர மாத்திக்கிட்டே இருக்காதீங்க. ஒரே ஒரு கியர். அதப் போட்டுட்டு, உச்சி போயிச் சேர்ற வரைக்கும் கோலைத் தொடவே கூடாது."

"ஒரே கியர்னா, அது யாரு கியருங்க?" என்று நாலு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

பாய் செங்கோடன் பக்கம் கையைக் காட்டப்போனார். அதற்குள் சண்டை மூண்டுவிட்டது.

"பதினாலு வளைவும் இவன் ஒருத்தனே போடறதா? அப்ப நாங்க எதுக்குக் கூட வர்றோம், பொணத்துக்குத் துணையா?" என்றான் குப்பண்ணன்.

"எம் பொண்டாட்டியக் கூட்டிவரத்தானே பங்காளி போறோம்" என்றான் செங்கோடன் கெஞ்சலாக.

"பொண்டாட்டி உன்னுது. மலை பொது."

அரை மணி நேரம் மண்ணில் குந்தியிருந்தார்கள். திடீரென்று நாச்சிமுத்து எழுந்து நின்றான். "யாரோட கியரப் போட்டாலும் மத்த மூணு பேருக்கு மனத்தாங்கல் வரும். யாருக்கும் சொந்தமில்லாத கியர் ஒண்ணு இருக்குதே!"

புறம்போக்கு! நாலு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

"பாய், ரிவர்ஸ் கியருக்கு இழுவை உண்டுங்களா?"

பாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. "இந்தப் பெட்டியில எல்லாத்தையும்விட பலமான கியர் அதுதான். ஆனா..."

ஆனாவுக்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. லாரியைத் திருப்பப் போய்விட்டார்கள்.

லாரியின் பின்புறம் மலையைப் பார்க்க நிறுத்தினார்கள். வேன் லாரிக்கு மேட்டுப்பக்கம் மாட்டிக்கொண்டது. "இப்படியே போனா வேனைத் தள்ளிக்கிட்டுப் போறமாதிரி ஆயிரும். பாவாயி இழுத்துக்கிட்டு வரத்தான் சொல்லியிருக்கா" என்றான் செங்கோடன். அதனால் கம்பியைக் கழற்றி, நாலு பேரும் வேனைத் தள்ளிக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, லாரியின் முன் பம்பரில் கட்டினார்கள். லாரியும் வேனும் மூக்கோடு மூக்கு வைத்து, பெண் பார்க்க வந்தவர்கள்போல் எதிரெதிரே நின்றன.

குப்பண்ணனின் கியருக்கு இன்று வேலையில்லை. எனவே அவனைப் பின்தட்டில், அஞ்சு செட்டின் மேல் உட்காரவைத்தார்கள். வழி சொல்வது அவன் பொறுப்பு. அவனுக்கு வலது கை அத்தப்பனுக்கு இடது கையாக இருந்ததில் முதல் வளைவிலேயே ஒரு மைல்கல் சாய்ந்தது. அதன்பின் "மலை! பள்ளம்! மலை! பள்ளம்!" என்று மட்டும் கத்தினான். மலை என்றால் அத்தப்பன் பள்ளத்துப் பக்கம் ஒடித்தான், பள்ளம் என்றால் மலைப் பக்கம்.

கேபினுக்குள் செங்கோடனுக்கு எதிரே, ரெண்டு கண்ணாடிக்கு அந்தப்புறம், வீரமலையின் முகம். மச்சினன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தால் மரியாதையா? வளைவுக்கு வளைவு கையெடுத்துக் கும்பிட்டான்.

"மாமா! ரோட்டப் பாருங்க மாமா!" என்று வீரமலை தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"ரோடு எங்க முதுகுப் பக்கம் இருக்குது மாப்ள! நீங்கதான் எதுத்தாப்ல இருக்கீங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க!"

"எனக்கு உங்க லாரிதான் தெரியுது!"

"நல்லாத் தெரியுதுங்களா? போன வாரந்தான் பெயிண்ட் அடிச்சோம்!"

எட்டாவது வளைவில் மேலேயிருந்து பஸ் வந்தது. எதிரே லாரியின் பின்புறத்தைப் பார்த்த டிரைவர், தனக்கு முன்னால் இறங்கிப் போகிற லாரி என்று நினைத்து வழிகேட்டு ஹாரன் அடித்தார். முன்னால் போகிற லாரி நெருங்கி வந்துகொண்டே இருந்தது. பிரேக்கை மிதித்தார். அப்படியும் நெருங்கியது. பஸ்ஸை ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கி, தன் கண்ணைக் கழுவிக்கொண்டார். அவரைக் கடந்து போகும்போது குப்பண்ணன் பின்தட்டிலிருந்து எழுந்து நின்று, "நிக்கமுடியாதுங்க, ஊட்டுக்காரம்மா உத்தரவு!" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கியர் பெட்டி உடைந்த அந்த ஒன்பதாவது வளைவு வந்தது. வண்டி உறுமிற்று. கடந்துவிட்டது. அதற்குமேல் செங்கோடன் யாரையும் கும்பிடவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

பனிக்காட்டில் பாவாயி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ஒரு லாரியின் பின்புறம் தெரிந்தது. அது வளர்ந்து வளர்ந்து வாசலுக்கே வந்து நின்றது. பின்தட்டில் குப்பண்ணன், "பள்ளம்! பள்ளம்!" என்று இன்னமும் கத்திக்கொண்டிருந்தான்.

செங்கோடன் இறங்கிவந்து நின்றான்.

"நிக்காம வந்தீங்களா?"

பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "ரெண்டு தடவ கெளம்பவே இல்ல அம்மிணி. மூணாவது தடவ நிக்கவே இல்ல."

"வண்டி எதுக்குப் பின்பக்கத்தக் காட்டிக்கிட்டு வருது?"

"வழி பூரா அதோட மொகம் கீழ நம்ம வூட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றான். துண்டை மடித்துக்கொண்டே, "தெனமும் ரெண்டாவது டம்ளர்ல ஊத்தற டீ ஆறிப்போவுது" என்றான்.

பாவாயி கையிலிருந்த அவரைக்காயை நறுக்கி முடித்தாள். பிறகு முறத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுக்க உள்ளே போனாள். உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

மதியத்துக்குள் ஏழு செட்டைக் கழற்றி அஞ்சு செட்டை மாட்டிவிட்டார்கள். பின்தட்டில் பாவாயியின் பெட்டி, ரெண்டு மூட்டை மரவள்ளிக்கிழங்கு, மாமியார் கொடுத்த ஆட்டுக்குட்டி எல்லாம் ஏறின. வீரமலை தரையில் கிடந்த ஏழு செட்டைக் காட்டினான். "மாமா, இத ஏத்தலியா?"

நாச்சிமுத்து யோசித்தான். "இது எதுக்கு உள்ளது?"

"ஏத்தத்துக்கு."

"இப்ப நாம ஏறப்போறோமா?"

"இல்ல, இறங்கப்போறோம்."

"அப்பறம் எதுக்கு வெட்டியாச் சுமந்துக்கிட்டு? இங்கியே கெடக்கட்டும். அடுத்த தடவ ஏறும்போது எடுத்து மாட்டிக்கலாம்."

நாலு பேருக்கும் இது மிகவும் சரியாகப் பட்டது. வீரமலை மட்டும் வாயைத் திறந்தான். பிறகு, நேரத்துக்கு அவர்கள் போய்த் தொலைந்தால் போதும் என்று மூடிக்கொண்டான்.

கேபினில் ஏறிய பாவாயி கேட்டாள்: "இதுல எனக்கு எந்தக் கியரு?"

நாலும் பங்கு போயாயிற்று. புறம்போக்கு ஒன்றுதான் மீதி என்று செங்கோடன் மெதுவாகச் சொன்னான்.

"மலையேத்தின கியரு அதுதானே? அதுக்கு நான் பட்டா வாங்கிக்கறேன்" என்று சொல்லி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

இறக்கத்தில் குப்பண்ணனின் டாப் கியருக்கு வாழ்நாளில் முதல்முறையாக வேலை கிடைத்தது. அஞ்சு செட் பறக்கும் என்று பாய் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஆட்டுக்குட்டி கத்தியது, நாச்சிமுத்து கத்தினான், பாவாயி "இன்னும் வேகமா!" என்றாள். புளியமரத்தடியில் வண்டி நின்றபோது மரவள்ளிக்கிழங்கு ஒன்றுகூட மூட்டையில் இல்லை. எல்லாம் வழியெல்லாம் நட்டு வைத்தது மாதிரி விழுந்து கிடந்தது.

மறுநாள் காலை பாவாயி ரெண்டு டம்ளரில் டீ ஊற்றினாள்; ரெண்டு பேரும் ஆறவிடாமல் குடித்து முடித்தார்கள். அப்போது போன் வந்தது. ஆறாவது வளைவில் ஒரு டிராக்டர் நின்றுவிட்டதாம். நாலு பேரும் ஓடிப்போய் லாரியைக் கிளப்பினார்கள். முதல் வளைவுகூட ஏறவில்லை. லாரியைத் திருப்பி நிறுத்தியதும் பாவாயி தன் ரிவர்ஸ் கியரைப் போட்டுக் கொடுத்துப் பார்த்தாள். நூறடி போய் மூச்சுவாங்கி உட்கார்ந்துவிட்டது.

"இது அஞ்சு செட்டு. ஏழு மாட்டினாத்தான் ஏறும்" என்றான் அத்தப்பன்.

"ஏழு எங்க?"

"மலை மேல."

"அங்க போறதுக்கு?"

"ஏழு வேணும்."

லாரியைச் செங்கோடன் வீட்டு வாசலுக்கு உருட்டிவந்து நிறுத்திவிட்டு, நாலு பேரும் மண்ணில் குந்தினார்கள். ரொம்ப நேரம் கழித்து நாச்சிமுத்து நிமிர்ந்தான். எதிரே லாரியின் கதவு. 'வண்டி நின்றால் அழைக்கவும்.' அவன் முகம் மலர்ந்தது. தன் போனை எடுத்து அந்த நம்பரை ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துப் பார்த்து அழுத்தினான். நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த செங்கோடனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"இருங்க பங்காளி, யாரோ பார்ட்டி" என்று செங்கோடன் திரும்பி உட்கார்ந்து எடுத்தான். "சொல்லுங்க, மீட்பு வண்டிதான் பேசறது."

"எங்க வண்டி மலையடிவாரத்துல நின்னுபோச்சுங்க. கட்டி மேல இழுத்துக்கிட்டுப் போவோணும்."

"அடடா. இப்ப வரமுடியாதுங்களே. எங்க ஏழு செட்டு மலை மேல மாட்டிக்கிச்சு."

"அப்படிங்களா? எப்பத்தான் வருவீங்க?"

"அது கீழ வந்ததும் மொத வேலையா வந்துர்றோமுங்க."

நாச்சிமுத்து போனைக் கையால் பொத்திக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "பாவம், அவங்களோட ஏழு செட்டுங்கூட மலை மேலதான் கெடக்குதாம்."

பாவாயி காலி டம்ளர்களை அலம்பிக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"அப்ப அவங்களையும் வரச்சொல்லுங்க. ரெண்டு வண்டியாச் சேந்து போயி, ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டு வந்துரலாம்."